திரும்பி வராத ஒலி

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

ஒலியைப் பற்றி நான் மூன்று இடங்களில் படித்திருக்கிறேன். முதலாவது பள்ளிக்கூடம், இரண்டாவது நம் கல்லூரி, மூன்றாவது, திருவரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் என் தந்தையின் கடை. முதல் இரண்டு இடங்களிலும் நல்ல மதிப்பெண் வாங்கினேன். மூன்றாவது இடத்தில் தோற்றேன். தோற்ற கதையை யாரும் விரும்பி எழுதுவதில்லை. ஆனாலும் மற்ற இரண்டு இடங்களிலும் கிடைக்காத ஒரு பாடம் எனக்கு அங்கேதான் கிடைத்தது என்பதால், ஆசிரியப் பெருமக்களோடும் சக மாணவ நண்பர்களோடும் அதை இந்த மலரில் பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'மைக் செட் ரிப்பேர்' என்று கேட்டால் வீதியில் யாரும் கை காட்டுவார்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அலறும் ஒலிபெருக்கிகள் உடம்பு சரியில்லாமல் போனால் எங்கள் கடைக்கு வரும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பா அவற்றுக்கு வைத்தியம் பார்க்கிறார். சென்ற ஆண்டு அவருக்கு இரு கண்களிலும் புரை விழுந்தது. தை மாதக் கல்யாண வேலைகள் முடிந்த பிறகு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார். அதுவரை சிறிய வேலைகளை நான் பார்ப்பதென்று ஏற்பாடு. "இயற்பியல் படிக்கிற பிள்ளை இருக்கான், எனக்கென்ன கவலை" என்று வருவோரிடமெல்லாம் சொல்வார். அந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் பாலக்கரையிலிருந்து ஒரு பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கல்யாண மெல்லிசைக் குழுக்களில் நாற்பது ஆண்டுகளாகக் கிட்டார் வாசிப்பவர். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைப்பார்கள். 1976-ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' படத்தின் மூலம் இளையராஜா திரையிசைக்கு வந்த பிறகு, ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார்காரருக்குத் தனி மரியாதை ஏற்பட்டதாம். அந்தக் காலத்தில் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவர் அவர். ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து இறக்கிய பெட்டி, கிட்டாருக்கென்றே செய்யப்பட்ட ஒரு பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். செய்தவர் பெயர் பொறித்த தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டது.

"சத்தம் வருது தம்பி, ஆனா வறண்டு வருது" என்றார் மாஸ்டர். "சித்திரை மாசத்துக் காவிரி மாதிரி. ரிவெர்ப் குமிழை எவ்வளவு திருகினாலும் ஒண்ணும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தென்னூர்ல ஒரு கல்யாணம் இருக்கு."

ரிவெர்ப் என்றால் என்னவென்று கேட்கும் நண்பர்களுக்காக இங்கே சிறிது விளக்க வேண்டும். நாம் எழுப்பும் ஒலி ஒரு சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, அது பத்தில் ஒரு பங்கு வினாடிக்குப் பின் வந்தால் தனியாகக் கேட்கும். அது எதிரொலி. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் எதிரொலி தனித்துத் தெரியும். அதைவிட விரைவாகப் பல திசைகளிலிருந்தும் ஒலி திரும்பி வந்தால் காது அவற்றைப் பிரித்து அறிவதில்லை. ஒன்றோடொன்று கலந்து, மூல ஒலிக்கு ஒரு வால் முளைத்ததுபோல் நீண்டு தேய்கிறது. அதுவே எதிர்முழக்கம். இராசகோபுரத்தின் அடியில் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது ஹாரன் ஒலி சட்டென்று பருத்து, வெளியே வந்ததும் மெலிந்து போவதைத் திருவரங்கத்துக்காரர்கள் எல்லோரும் அறிவோம். 236 அடி உயரக் கோபுரம் 1987-இல்தான் நிறைவுபெற்றது. ஆனால் அதன் வாயிலில் ஹாரன் அடித்துப் பார்க்காத பையன் எங்கள் தெருவில் இல்லை. கருங்கல் ஒலியை மிகச் சிறிதளவே உறிஞ்சுகிறது. மிச்சத்தையெல்லாம் திருப்பி அனுப்புகிறது. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்ய முற்பட்ட வாலஸ் சபின் என்ற இயற்பியல் பேராசிரியர், இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கியும் எடுத்தும் பார்த்துத்தான் எதிர்முழக்க நேரத்துக்கான விதியைக் கண்டார். நாம் தேர்வில் எழுதும் விதி அதுவே.

சரி, கருங்கல் மண்டபத்தைக் கல்யாண வீட்டுக்கு எப்படி எடுத்துச் செல்வது? அதற்கு வழி கண்டவர் லாரன்ஸ் ஹாமண்ட். 1935-இல் அவர் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தேவாலயத்தில் முழங்கும் ஆர்கன், கம்பளம் விரித்த வீட்டுக் கூடத்தில் சப்பென்று ஒலித்தது. நெடுந்தொலைவு தொலைபேசியில் பேச்சு தாமதமாவதை ஆராய்வதற்காக பெல் ஆய்வுக்கூடத்தார் ஸ்பிரிங்குகளைப் பயன்படுத்தி வந்தனர். அந்த வழியை ஹாமண்ட் தம் ஆர்கனுக்கு எடுத்துக்கொண்டார். பிற்பாடு அந்த ஸ்பிரிங் சாதனம் சிறுத்து, 1961-இல் ஃபெண்டர் நிறுவனத்தாரின் தனிப்பெட்டியாகவும், 1963-இல் அவர்களின் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளேயும் வந்து சேர்ந்தது.

அதன் அமைப்பு எளிது. ஒரு தகரத் தட்டு. நீளம் ஏறத்தாழ 17 அங்குலம். அதற்குள் மெல்லிய ஸ்பிரிங்குகள் இரண்டு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒரு முனையில் ஒரு கம்பிச்சுருள். கிட்டாரின் மின்குறி அதில் பாய்ந்ததும், ஸ்பிரிங்கின் முனையில் உள்ள சிறு காந்தம் இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு அலையாக ஸ்பிரிங் வழியே ஓடி, 30 முதல் 40 மில்லி செகண்டில் மறுமுனையை அடையும். அங்கே இன்னொரு காந்தம், இன்னொரு சுருள். காந்தம் அசைந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டதே அங்கே நடக்கிறது. அலை அதோடு நிற்காமல் முன்னும் பின்னும் மோதி மோதித் தேயும். இதைக் கடைக்காரர்கள் 'டேங்க்' என்பார்கள். தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாத டேங்க்!

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை ஆயிற்று.

பெட்டியைத் திறந்தேன். ரிவெர்ப் பகுதியில் எட்டுக் கால் ஐ.சி. ஒன்று, 4558 என்னும் எண்ணோடு இருந்தது. அதற்குள் இரண்டு பெருக்கிகள் உண்டு. ஒன்று ஸ்பிரிங்குக்கு மின்குறியைத் தள்ளுகிறது. மற்றொன்று மறுமுனையில் வரும் மெலிந்த குறியை வாங்கிப் பெருக்குகிறது. 'ஐ.சி. போயிருக்கும்' என்று என் மனம் சொன்னது. ஏன் என்று நான் அதைக் கேட்கவில்லை. மறுநாள் கல்லூரி விட்டதும் சிங்காரத்தோப்புக்குப் போய்ப் புது ஐ.சி. வாங்கி வந்து மாற்றினேன். ரிவெர்ப் வரவில்லை. அப்படியானால் டேங்க்தான் செத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். வரவழைத்துத் தருவதாகவும், எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். உடனே மாஸ்டரை அழைத்து, ஏதோ பெரிய மருத்துவர் மாதிரி, "டேங்க் செத்துப்போச்சு மாஸ்டர். புதுசுதான் போடணும், மூவாயிரம் ஆகும்" என்றேன்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"அந்தக் கல்யாணத்துல எனக்குப் பங்கே இரண்டாயிரத்து ஐந்நூறுதான் தம்பி" என்றார். பிறகு, "சரி, யார்கிட்டயாவது கேட்டுப் பார்க்கிறேன். உங்க அப்பா கடையில சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அப்பா கடையின் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டேங்க் செத்துப்போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஐ.சி. மாத்தியும் வரலையேப்பா."

"ஐ.சி. கெட்டிருந்ததுன்னு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை.

"எதை அளந்தே?"

மின்னணுவியல் செய்முறைத் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன் நான். மல்ட்டிமீட்டர் கை எட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாஸ்டர் என்னை நம்பிக் கடன் கேட்கப் போகிறார். இல்லை, என்னை நம்பியும் அல்ல, அப்பா பெயரை நம்பி. முகம் சுட்டது.

அப்பா திட்டவில்லை. நாற்காலியைப் பெட்டிக்கு அருகில் இழுத்துப் போடச் சொன்னார். "எனக்குத் தெரியாது, மங்கலா இருக்கு. நீ செய். நான் கேட்கிறேன். எது கெட்டிருக்கும்னு யோசிக்காதே. சத்தம் எதுவரைக்கும் வருது, எங்கே நிக்குதுன்னு மட்டும் பாரு."

முதலில் ஃபுட் ஸ்விட்சைக் கழற்றச் சொன்னார். வாசிக்கும்போது காலால் மிதித்து ரிவெர்ப்பை நிறுத்தவும் விடவும் உதவுவது அது. பல ஆம்ப்ளிஃபயர்களில் அது ரிவெர்ப் குறியைத் தரைக்கு இறக்கிவிட்டு நிறுத்துகிறது. அதன் கம்பியில் எங்கேனும் உராய்ந்து ஒட்டிக்கொண்டாலே போதும், ரிவெர்ப் ஊமையாகிவிடும். கழற்றினேன். மாற்றமில்லை. ஜாக்கின் உள் இதழ்களையும் துடைத்துப் பார்த்தேன். மாற்றமில்லை.

அடுத்து, டேங்கிலிருந்து திரும்பி வரும் கம்பியை உருவி, ரிவெர்ப் குமிழைப் பாதிக்குத் திருப்பி, அக்கம்பியின் நடு முனையைச் சிறிய ஸ்குரு டிரைவரால் தொடச் சொன்னார். தொடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்: "இது டிரான்சிஸ்டர் பெட்டி, இந்த இடத்துல வோல்டேஜ் குறைச்சல், அதனாலதான் சொல்றேன். வால்வு பெட்டியா இருந்தா உள்ளே நானூறு வோல்ட் நிக்கும். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சர்ல அது இருக்கும். அதுல கை வச்சுப் படிக்காதே." தொட்டேன். 'ம்ம்ம்' என்று ஒலிபெருக்கி உறுமியது.

"அங்கேயிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் பாதை நல்லா இருக்கு" என்றார் அப்பா. அதாவது, குறியை வாங்கும் பெருக்கியில் குறையில்லை. நான் மாற்றிய ஐ.சி.யின் ஒரு பாதி நல்லதுதான் என்று ஒரே தொடுகையில் தெரிந்துவிட்டது. பழைய ஐ.சி.யையும் மீண்டும் பொருத்திப் பார்க்கச் சொன்னார். அதுவும் அதே மாதிரி உறுமியது.

கம்பியைத் திரும்பச் செருகி, டேங்கை விரலால் சுண்டச் சொன்னார். நல்ல டேங்காக இருந்தால் ஸ்பிரிங்குகள் அதிர்ந்து இடி இடித்ததுபோல் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். சுண்டினேன்; தட்டினேன்; பெட்டியையே குலுக்கினேன். ஸ்பிரிங்குகள் ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒலிபெருக்கியில் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

"இப்போ எங்கே நிக்குது?" என்றார்.

ஸ்பிரிங்கின் மறுமுனைக்கும் கம்பிக்கும் இடையில் என்றேன். அந்த இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. கம்பியை மீட்டரில் பார்த்தேன், நன்றாக இருந்தது. பிறகு டேங்கின் இரு சுருள்களையும் அளந்தேன். உள்ளே வாங்கும் சுருள் 58 ஓம் காட்டியது. அந்த வகைக்கு அது சரியான அளவு. வெளியே கொடுக்கும் சுருள் 200 ஓம் அளவில் இருக்க வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை. பாதை அறுந்திருந்தது.

"அப்போ நான் சொன்னது சரிதானேப்பா, டேங்க்தானே செத்திருக்கு" என்றேன். தப்பித்தேன் என்று ஒரு சிறு மகிழ்ச்சி.

"நீ சொன்னது குருட்டாம்போக்குல பட்டுது. டேங்க் செத்ததுன்னா என்ன அர்த்தம்? ஸ்பிரிங் நல்லா இருக்கு, காந்தம் நல்லா இருக்கு, ஒரு சுருள் நல்லா இருக்கு. இன்னும் கிட்டப் போ."

சுருளைச் சுற்றிய கம்பி தலைமயிரைவிட மெல்லியது. அது சுருளின் ஓரத்தில் உள்ள சிறு காலில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஈயப் பொட்டுக்கு ஒரு நெல் நீளத்துக்கு இப்பால் அந்தக் கம்பி அறுந்து, நுனி லேசாகச் சுருண்டு நின்றது. மூவாயிரம் ரூபாய்ச் சாவு அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது ஒரு வேலை, ஒட்டுவது இன்னொரு வேலை. அந்தக் கம்பியின் மேல் எனாமல் பூச்சு உண்டு. அதைச் சுரண்டாமல் ஈயம் பிடிக்காது. முதல் தடவை சுரண்டியபோது கம்பி இன்னும் சிறிது ஒடிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இனியும் ஒடிந்தால் சுருளுக்குள்ளேயே போய்விடும். "நீங்க செய்யுங்கப்பா" என்று வாய் வரை வந்துவிட்டது. அவர் கை அந்த வேலையை ஆயிரம் தடவை செய்திருக்கும். ஆனால் அவர் கண்ணுக்கு அந்தக் கம்பி இருப்பதே தெரியாது. அவர் டார்ச் விளக்கை எடுத்து, "எங்கே வேணும், சொல்லு" என்றார். நான் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தேன். கை நகரவில்லை.

சுருளிலிருந்து ஒரு சுற்றை மெல்லப் பிரித்தேன். சுரண்டுவதை விட்டுவிட்டு, சூடான ஈயத் துளியில் நுனியை நனைத்து எனாமலை எரித்தேன். பிறகு, இழுக்காமல் கொஞ்சம் தளர்வு விட்டுக் காலில் ஒட்டினேன். மீட்டரை வைத்தேன். 203 என்று காட்டியது. அப்பாவுக்கு எண் தெரியவில்லை. படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

டேங்கை இணைத்துச் சுண்டியபோது கடை அதிர இடி இடித்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, "என்னடா அது, மழையா?" என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அப்பா அதோடும் விடவில்லை. "ஏன் அறுந்தது?" என்றார். டேங்கைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து கல்லாகியிருந்தன. டெம்போவில் ஊர் ஊராகப் போகும்போது பட்ட ஒவ்வோர் அடியும் நேராக அந்த மயிரிழையில் இறங்கியிருக்கிறது. புது ரப்பர் போட்டோம். கொடுக்கும் சுருள் மின்மாற்றிக்கு அருகில் இருந்தால் அதன் உறுமலையும் வாங்கிக்கொள்ளும் என்பதால், அந்த முனை மின்மாற்றிக்கு எட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். பழைய ஐ.சி.யே உள்ளே இருந்தது. புதியதை அப்பா ஒரு தீப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். "உன் காசுல வாங்கினது, நீயே வச்சுக்க" என்றார்.

அன்று இரவே மாஸ்டரை அழைத்தேன். கடன் வாங்க வேண்டாம் என்பதைச் சொல்வது எளிதாக இருந்தது. அளக்காமல் சொல்லிவிட்டேன் என்பதைச் சொல்வதற்குத்தான் நாக்கு வரவில்லை. அப்பா அருகில் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டேன். மாஸ்டர் சிரித்தார். "நானும் சுருதி சேர்க்காம மேடை ஏறியிருக்கேன் தம்பி" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை கிட்டாரோடு வந்தார். கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ரிவெர்ப் குமிழைச் சிறிது திருப்பி, ஒரே ஒரு கம்பியை மீட்டினார். அந்த ஒலி எழுந்தது, நின்றது, நீண்டது. பத்தடிக்குப் பத்தடிக் கடை ஒரு பெரிய மண்டபமாகி, மெல்லக் கடையாகத் திரும்பியது. அவர் உடனே அடுத்த கம்பியை மீட்டவில்லை. ஒலி முழுவதும் அடங்கும் வரை காத்திருந்தார். அப்பா கூலியாக 200 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு சோதனையைத் தொடங்கும்போதே விடை நமக்குத் தெரியும். போன ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டில் அது எழுதியிருக்கிறது. அளவு கொஞ்சம் பிசகினால் நாமே கொஞ்சம் திருத்தி எழுதிக்கொள்வதும் உண்டு, நான் எழுதியிருக்கிறேன். பழுதான பெட்டிக்கு அப்படி ஒரு நோட்டு இல்லை. அங்கே ஊகித்து எழுதினால் மதிப்பெண் குறைவதில்லை. ஒரு மனிதர் கடன் வாங்கப் போகிறார். மல்ட்டிமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று நம் ஆசிரியர்கள் எனக்குச் செவ்வனே கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை எடுக்காமல் வாயைத் திறந்தது என் குற்றம்.

மாசி மாதம் அப்பாவுக்கு ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து, மருத்துவர் சொன்ன நாள்களும் கழிந்து கடைக்கு வந்தவர், முதல் வேலையாகப் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மேசை மேல் ஒரு பழுதான மைக் இருந்தது. அதன் சுருளிலும் மயிரிழைக் கம்பிதான். அவரே செய்வார் என்று நான் நகர்ந்தேன். அவர் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல அளந்துட்டுச் சொல்லு" என்றார்.

நான் மீட்டரை எடுத்தேன்.